வானொலிக்கு நெய் வார்ப்பது யார்?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

வானொலி இலவசமாக வருவது என்பது நம்மில் பலருடைய எண்ணம். பெட்டியை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிட்டால், அதன்பின் காற்றில் மிதந்து வரும் பாட்டுக்கும் செய்திக்கும் நாம் யாருக்கும் ஒரு காசும் தருவதில்லை. ஆனால் நிலையத்தில் பாடுகிறவருக்குச் சன்மானம் உண்டு. செய்தி வாசிக்கிறவருக்குச் சம்பளம் உண்டு. ஒலிபரப்பிக்கு மின்கட்டணம் உண்டு. அந்தப் பணத்தை யாரோ ஒருவர் தந்துகொண்டுதான் இருக்கிறார். அவர் யார் என்பதைவிட, எந்த வழியில் தருகிறார் என்பதைப் பொறுத்தே வானொலி யாருடைய குரலில் பேசும் என்பது அமைகிறது. இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது இது ஒன்றையே.

பொருளியல் மாணவன் வானொலியைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று வகுப்பறையில் கிடைத்தது. மற்றொன்று தறிப்பள்ளத்தில் கிடைத்தது. வகுப்பறையில் 'பொதுப் பண்டங்கள்' என்ற பாடத்துக்குக் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். மாமல்லபுரத்து விளக்கின் ஒளியை ஒரு படகு பார்த்தால் மற்றொரு படகுக்கு ஒளி குறைந்துவிடாது. காசு தராத படகுக்கு மட்டும் ஒளியை மறைக்கவும் இயலாது. வானொலியும் அத்தகையதே. நான் கேட்பதால் பக்கத்து வீட்டுக்குப் பாட்டு குறைவதில்லை. கேட்டவனிடம் மட்டும் காசு வாங்கவும் வழியில்லை. ஆகவே கடைச் சரக்கைப் போல இதை விற்றுப் பிழைக்க முடியாது. ஒன்று, பொதுப்பணம் வரவேண்டும். அல்லது கேட்பவருடைய காதையே விளம்பரக்காரருக்கு விற்கவேண்டும். மூன்றாவது வழி உண்டா என்பதைப் பிறகு பார்ப்போம்.

தறிப்பள்ளத்தில் கிடைத்த காரணத்தைச் சொல்கிறேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டில் பிறந்தவன் நான். குழித்தறியில் அமர்ந்தவருக்குக் கால்கள் மிதியில் இருக்கும். கைகள் நாடாவிலும் பலகையிலும் இருக்கும். கண் இழையை விட்டு அகலாது. கோர்வைப் புடவையானால், கரை நாடாவைத் தள்ளித் தர இன்னொருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் அதே நிலைதான். நாள் முழுவதும் வேலையின்றி இருப்பது இருவருடைய காதுகள் மட்டுமே. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு கோர்வை போட முடியாது. கைப்பேசித் திரையைத் தள்ளுவதற்கு ஒரு கை வேண்டும். உழைக்கிறவனை உழைக்கவிட்டு அவனிடம் பேசக்கூடிய சாதனம் வானொலி ஒன்றுதான். அது எங்கள் தெருவில் வெறும் பொழுதுபோக்கு அன்று.

சென்னையில் நடந்த முதற்பாடம்

இந்தியாவில் வானொலியின் பணக்கதை சென்னையிலேயே தொடங்குகிறது எனலாம். 1924-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாயிற்று. அதே ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பும் தொடங்கியது. ஆர்வலர்களின் சந்தாவும் நன்கொடையுமே அதன் மூலதனம். ஆர்வத்துக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான் குறைவு. 1927 அக்டோபரில் கழகம் ஒலிபரப்பை நிறுத்தியது. கேட்டவர்கள் இருந்தார்கள், கேட்டதற்குக் கொடுத்தவர்கள் இல்லை. எங்கள் பாடநூல் இரண்டு பக்கங்களில் விளக்கும் செய்தியைச் சென்னை மூன்றே ஆண்டுகளில் நடத்திக் காட்டிவிட்டது.

வடக்கே தனியார் மூலதனத்தில் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் கதையும் வேறல்ல. 1927 ஜூலை 23-ஆம் நாள் பம்பாய் நிலையத்தை வைசிராய் இர்வின் பிரபு திறந்துவைத்தார். வானொலிப் பெட்டிக்கு ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம். அதில் பெரும்பங்கு கம்பெனிக்கு. ஆனால் உரிமம் பெற்றவர்கள் நாடு முழுவதிலும் பத்தாயிரம் பேரைக்கூட எட்டவில்லை. 1930 மார்ச் 1-ஆம் நாள் கம்பெனி கலைப்புக்குப் போயிற்று. ஏப்ரல் முதல் நாள் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

அதே 1930 ஏப்ரல் முதல் நாளில்தான், மூடப்பட்ட கழகம் விட்டுச்சென்ற ஒலிபரப்பியைக் கொண்டு சென்னை மாநகராட்சி தன் சொந்த வானொலியைத் தொடங்கியது! இந்தச் செய்தி நம் மாணவர்களிடையே அதிகம் அறியப்படாமல் இருப்பது வியப்பே. ரிப்பன் கட்டடத்திலிருந்து மாலைதோறும் இசை ஒலித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நிகழ்ச்சிகள் இருந்தன. பெட்டி வாங்க வசதியற்றவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மாநகராட்சிப் பள்ளிகளிலும் கேட்கும் வசதி செய்யப்பட்டது. விளக்குக் கம்பமும் குடிநீர்க் குழாயும் எப்படியோ, அப்படியே வானொலியும் நகரசபையின் கடமை என்று அன்றைய சென்னை கருதியது. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரை, எட்டு ஆண்டுகள் அந்த ஒலிபரப்பு நிற்கவில்லை. தனியார் கழகத்தால் மூன்றாண்டுகள் தாங்க முடியாத சுமையை ஒரு நகராட்சி எட்டாண்டுகள் சுமந்தது.

மைசூரில் நடந்ததையும் ஒரு வரி சொல்லிவிடவேண்டும், நாம் கல்லூரிக்காரர்கள் ஆதலால். அங்கு 1935-இல் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் வீட்டிலேயே ஒரு சிறு ஒலிபரப்பியை வைத்து நிலையம் நடத்தினார். 'ஆகாசவாணி' என்ற பெயர் அந்த வீட்டு நிலையத்தின் பெயர்தான். அதுவும் தனிமனிதர் பணத்தில் நெடுநாள் ஓடவில்லை. நகராட்சியின் உதவி வந்தது, பின்னர் சமஸ்தானமே ஏற்றுக்கொண்டது.

பதினைந்து ரூபாய்ச் சீட்டு

நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் இருந்தவை ஆறே வானொலி நிலையங்கள். அவற்றுள் இரண்டு, சென்னையும் 1939-இல் தொடங்கிய திருச்சியும், தமிழகத்தில் இருந்தன. பிற்காலத்தில் வானொலி வைத்திருந்த ஒவ்வொரு வீடும் அஞ்சலகத்தில் ஆண்டுக்கு 15 ரூபாய் கட்டவேண்டும். எங்கள் தாத்தாவின் தகரப்பெட்டியில் அந்த உரிமப் புத்தகம் இன்னும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றாக ஒட்டிய வில்லைகள், அவற்றின் மேல் அஞ்சலக முத்திரைகள். கூலியில் பதினைந்து ரூபாய் எடுத்துவைப்பது அந்நாளில் எளிதன்று. "சோத்துக்கு இல்லன்னாலும் ரேடியோவுக்குக் கட்டிடுவாரு" என்று பாட்டி சொல்வது இன்றும் எங்கள் வீட்டில் ஒரு வசை!

அந்தப் புத்தகத்தை நான் இரக்கத்தோடு பார்ப்பதில்லை, மரியாதையோடு பார்க்கிறேன். ஏனெனில் வானொலிக்கென்றே ஒரு குடிமகன் நேராகக் கொடுத்த பணத்துக்கு அது சான்று. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. பணம் அஞ்சலகம் வழியே அரசுக் கருவூலத்துக்குப் போயிற்று. வானொலியோ மத்திய அரசின் ஓர் இலாகாவாகவே இருந்தது. கொடுத்தவர் கேட்பவர், கணக்குப் பார்த்தவர் அமைச்சர். 1980-இல் சிறு பெட்டிகளுக்கும், 1985-இல் மற்றவற்றுக்கும் கட்டணம் நீக்கப்பட்டது. மக்கள் மகிழ்ந்தார்கள். வானொலிக்கும் கேட்பவருக்கும் இடையே இருந்த ஒரே பண உறவும் அன்றோடு அறுந்தது என்பதை யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

அமைச்சர் கையில் பணப்பை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் போதும். 1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி.வி. கேஸ்கர் சாத்திரிய இசையில் பற்றுள்ளவர். திரைப்பாடல்களை வானொலியில் வெகுவாகக் குறைத்துவிட்டார். நாட்டு மக்கள் இலங்கையின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். விளம்பரப் பணத்தில் நடந்த இலங்கை வர்த்தக ஒலிபரப்பு தமிழகத்து வீடுகளில் எல்லாம் குடியேறியது. கடைசியில் 1957-இல் விவித்பாரதியைத் தொடங்கி அரசு இறங்கிவர நேர்ந்தது. இது வேடிக்கைக் கதை. இரண்டாவது வேடிக்கையன்று. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையின்போது வானொலி ஆளுங்கட்சியின் ஊதுகுழலாயிற்று. காங்கிரஸ் நிகழ்ச்சியொன்றில் பாட மறுத்தார் என்பதற்காகக் கிஷோர் குமாரின் பாடல்கள் 1976-இல் ஒலிபரப்பிலிருந்தே விலக்கப்பட்டன. பாடகருக்கே இக்கதி என்றால் செய்தியின் கதியைக் கேட்கவேண்டுமா?

எனினும் பொதுப்பணம் செய்த நன்மையை மறைப்பது நன்றியின்மை ஆகும். 1960-களில் தஞ்சைத் தரணியில் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் பரவியபோது, உழவர்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத்தான் அவர்கள் அதைப் பயிரிட்டார்கள். எந்த விளம்பரக்காரர் நெல் விதைக்கும் முறையை நாள்தோறும் சொல்லிக்கொடுக்கப் பணம் தருவார்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமும் கைப்பேசியும் ஓய்ந்த இரவுகளில், எங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது பேட்டரி வானொலி ஒன்றே.

விளம்பரத்தை நம்பும் தனியார் பண்பலை நிலையங்கள் சென்னையிலிருந்து எங்கள் ஊர்வரை எட்டுகின்றன. நல்ல பாட்டுகள் போடுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் திருமண மாதங்களில் மணிக்குப் பத்து முறை பட்டுப்புடவை விளம்பரம் வரும். அப்பா ஒருநாள் தறியில் இருந்தபடியே சொன்னார்: "இதெல்லாம் பொடவ வாங்கறவங்களுக்குடா, நெய்யறவங்களுக்கு இல்ல." விளம்பர வானொலியின் பொருளியலை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்லிவிட முடியாது. வாங்கும் சக்தி உள்ள காதுக்கே அங்கு விலை. மேலும் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க விதிகள் இடம் தருவதில்லை.

'ஏதேனும் இருப்பின்'

நெருக்கடி நிலைக்குப்பின் வானொலியைத் தன்னாட்சியுடையதாக ஆக்கவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. பி.ஜி. வர்கீஸ் தலைமையிலான குழு 1978-இல் 'ஆகாஷ் பாரதி' என்ற தன்னுரிமை அமைப்பைப் பரிந்துரைத்தது. அது ஏட்டோடு நின்றது. 1990-இல் பிரசார் பாரதிச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வர ஏழாண்டுகள் ஆயின. இடையில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்றும், அவை அரசுக்கோ தனியாருக்கோ ஏகபோகம் ஆகக்கூடாது என்றும் தீர்ப்புரைத்தது. 1997 நவம்பர் 23-ஆம் நாள் பிரசார் பாரதி பிறந்தது.

அச்சட்டத்தில் நிதி பற்றிய பிரிவை நம் நூலகத்தில் படித்தேன். ஆண்டுதோறும் நாடாளுமன்ற ஒப்புதலுடன் மத்திய அரசு பிரசார் பாரதிக்கு இரண்டு வகைப் பணம் தரலாமாம். ஒன்று, வானொலிப் பெட்டி உரிமக் கட்டணத்தின் வசூல், 'ஏதேனும் இருப்பின்'. மற்றொன்று, அரசு தேவையெனக் கருதும் பிற தொகைகள். கட்டணத்தை நீக்கி ஐந்தாண்டுகள் ஆனபின் எழுதிய சட்டம் இது! ஏதேனும் இருப்பின் என்றால், ஏதுமில்லை என்பது எழுதியவர்களுக்கே தெரியும். ஆகவே எஞ்சியது இரண்டாவது வழிதான்: அரசு தேவையெனக் கருதும் தொகை. தன்னாட்சி என்ற வீட்டைக் கட்டி, சாவியைப் பழைய வீட்டுக்காரரிடமே கொடுத்தது போலாயிற்று.

தொகை சிறிதன்று. ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாய்க்கு மேல் மானியம் போகிறது. அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கே. 2023 ஜனவரியில் கருவிகளுக்கும் விரிவாக்கத்துக்குமென 2,539 கோடியில் ஒரு திட்டமும் ஒப்புதல் பெற்றது. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,000 கோடியை 140 கோடி மக்களுக்கு வகுத்தால் தலைக்கு ஆண்டொன்றுக்கு 14 ரூபாய்க்குச் சற்று அதிகம், அதுவும் தொலைக்காட்சியும் சேர்த்து. தாத்தா கட்டிய தொகைக்கு ஏறத்தாழச் சமம்! அன்றைய பதினைந்து ரூபாயின் மதிப்பு இன்றையதைவிடப் பன்மடங்கு பெரிது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நாம் இன்றும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் கொடுப்பது நமக்கே தெரியாத வழியில் கொடுக்கிறோம். 2023 மே மாதத்தில், இனி ஆங்கிலத்திலும் 'ஆகாசவாணி' என்ற பெயர் மட்டுமே என்று ஆணை வந்தபோது தமிழகத்திலிருந்து எதிர்ப்பு எழுந்தது. கேட்பவரைக் கேட்டு முடிவெடுக்கும் வழக்கம் அங்கு இல்லை என்பதற்கு அதையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

பிற நாடுகளில் எப்படி? பிரிட்டனில் பி.பி.சி. 1927 முதல் அரச சாசனத்தின்கீழ், இல்லங்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடக்கிறது. சாசனம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால் ஆண்டுதோறும் அமைச்சரிடம் கையேந்தும் நிலை அதற்கில்லை. இருந்தும் செலவைக் குறைக்கும் நெருக்கடியில், 1941 முதல் ஒலித்த 'தமிழோசை' வானொலி 2017 ஏப்ரல் 30-ஆம் நாள் ஓய்ந்தது. நமக்காகப் பேசினாலும் அதற்குப் பணம் கொடுத்தவர்கள் நாமல்லவே. அமெரிக்காவில் 1967-இல் பொது ஒலிபரப்புக்கென ஒரு கழகம் அமைத்து, இரண்டாண்டுப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். நல்ல ஏற்பாடு என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2025 ஜூலையில் அவர்கள் நாடாளுமன்றம், ஒதுக்கிய 110 கோடி டாலரையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே அக்கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது.

ஜெர்மனியில் இல்லம் ஒன்றுக்கு மாதந்தோறும் கட்டணம். எவ்வளவு என்று கணக்கிடுவது பதினாறு மாநிலங்களும் ஆளுக்கொருவராக அனுப்பும் தனிக்குழு. ஒரு மாநிலம் உயர்வைத் தடுத்தபோது, 2021 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், தடுத்தது தவறு என்று கூறி 18.36 யூரோவாக உயர்த்தித் தந்தது. கொடுப்பவனுக்கும் பேசுபவனுக்கும் நடுவில் ஒரு சுவர் வேண்டும் என்பதை அவர்கள் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

சாவா மூவாப் பேராடு

இச்சுவரைக் கட்டும் கலையை ஜெர்மனியில் போய்த்தான் கற்கவேண்டும் என்பதில்லை. நம் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தி எங்கும் காணப்படும். ஒரு விளக்கு அணையாமல் எரிய 90 அல்லது 96 ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகும், மூக்கும். ஆனால் குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாது. கொடுத்தவன் அரசனாயிருந்தாலும் மறுநாள் விளக்கின் ஒளி பிடிக்கவில்லை என்று நெய்யை நிறுத்த முடியாது. நெய் அவன் கையிலிருந்து வருவதில்லை, மந்தையிலிருந்து வருகிறது. நான் முன்பு சொன்ன மூன்றாவது வழி இதுவே.

நம் ஊர்ச் சான்று இன்னும் நெருக்கமானது. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு பத்தாம் நூற்றாண்டுக் காஞ்சியைப் பற்றியது. ஊரகப் பெருமாள் கோயிலுக்குரிய பொன்னை ஊர்ச்சேரிகளில் முதலாக இட்டு, அதன் வட்டியால் விழாச் செலவை நடத்த ஏற்பாடு செய்யப்பட்டது. கோயில் காரியத்தைக் கவனிக்கும் பொறுப்பு இவ்வூரில் வாழ்ந்த நெசவாளர்களிடம் விடப்பட்டது. பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளோ (கி.பி. 919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்கே தகுதியற்றவர் என்கின்றன. முதல் ஓரிடம், நிர்வாகம் ஓரிடம், கணக்கு ஊரார் முன்பு. இதற்குமேல் ஒரு பொது ஒலிபரப்புச் சட்டத்தில் என்ன வேண்டும்?

துறைக் கருத்தரங்கில் இதை நான் சொன்னபோது ஓர் ஆசிரியர் எழுந்து, "முதலை இடுவதும் அரசுதானே, தம்பி? அப்போதும் அது அரசுப்பணம்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஆட்டைக் கொடுப்பது ஒருமுறை நிகழ்வது. நெய்யைக் கொடுப்பது நாள்தோறும் நிகழ்வது. ஒருமுறை கொடுப்பவனிடம் ஒருமுறை பேரம் பேசினால் போதும். நாள்தோறும் கொடுப்பவனிடம் நாள்தோறும் தலைவணங்கவேண்டும். விலைவாசி ஏறும்போது முதல் தேய்ந்துவிடுமே என்று அவர் மேலும் கேட்டார். அதற்காகத்தான் குட்டிகளில் ஒரு பங்கை மந்தையிலேயே விடவேண்டும்.

நாடு தழுவிய வானொலிக்கு இது பெரிய காரியம். சிறிய அளவில் செய்துபார்க்க இடம் இருக்கிறது. 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2006 முதல் இலாப நோக்கற்ற அமைப்புகளும் உரிமம் பெறலாம். 2016 முதல் பாம்பன் தீவில் 'கடல் ஓசை' மீனவர்களுக்காகப் பேசி வருகிறது. நாட்டில் இன்று இத்தகைய நிலையங்கள் ஐந்நூறுக்கு மேல் உள்ளன. கருவி வாங்க அரசு மானியம் உண்டு. மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் செய்யலாம் என்று 2024-இல் தளர்த்தியிருக்கிறார்கள். செய்தி என்றால் மட்டும், ஆகாசவாணி தருவதை அப்படியே ஒலிபரப்பலாமே தவிரச் சொந்தமாகச் சொல்லக்கூடாது. கருவி வாங்கியபின் மாதச் செலவுக்கு என்ன செய்வது என்பதே இவற்றில் பெரும்பாலானவற்றின் கவலை.

காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சி ஆயிற்று. 1930-இல் சென்னை செய்ததை இவ்வூர் நேராகச் செய்ய இன்றைய விதிகள் இடம் தருவதில்லை. உரிமம் பெறத்தக்கோர் பட்டியலில் மாநகராட்சி இல்லை. ஆனால் கல்வி நிறுவனம் இருக்கிறது. உரிமம் ஒரு கல்லூரியிடம் இருக்கட்டும். மாநகராட்சியும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் ஒருமுறை முதல் இடட்டும். வங்கி வட்டியில் மாதச் செலவு நடக்கட்டும். நெசவாளர், மாணவர், ஆசிரியர் ஆகியோர் அடங்கிய ஒரு வாரியம் ஆண்டுக்கொருமுறை மாறட்டும். கணக்கு ஒலிபரப்பிலேயே வாசிக்கப்படட்டும். நூறு வாட் அளவுள்ள ஒலிபரப்பி ஏனாத்தூர் முதல் செவிலிமேடு வரை தாராளமாகக் கேட்கும்.

அப்படி ஒன்று வந்தால் அதில் எதைக் கேட்க விரும்புவீர்கள் என்று எங்கள் தெருவில் பலரிடம் கேட்டேன். பெண்கள் பழைய பாட்டு வேண்டும் என்றார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் கருடசேவை அன்று எந்தத் தெருவில் வண்டி போகாது என்பதை விடியற்காலையிலேயே சொல்லவேண்டும் என்றார். அப்பா மட்டும் நாடாவை நிறுத்தாமலே, பட்டுநூலும் ஜரிகையும் அன்றைக்கு என்ன விலை என்று சொன்னால் போதும், காலை பத்து மணிக்குள் சொல்லவேண்டும், அதற்குமேல் வியாபாரி வந்துவிடுவான் என்றார்.